மையாம்பட்டி, மாயம்பட்டி

கேஸ் விழுந்த காலை

காலை ஒன்பதே காலுக்கு எங்கள் ஆம்புலன்ஸில் இருக்கும் டேப்லெட் திரையில் கேஸ் விழுந்தது. மரத்திலிருந்து விழுந்தவர், ஆண், வயது சுமார் ஐம்பது, மாயம்பட்டி, வளப்பூர் நாடு. அழைத்தவர் மனைவி. நோயாளியின் பெயர் என்ற இடம் காலியாக இருந்தது.

மிளகு பறிக்கும் இரண்டு மாதத்தில் ஒன்று அது. கொல்லிமலையில் மிளகுக்கொடியை சில்வர் ஓக் மரத்தில் ஏற்றியிருப்பார்கள். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து வைத்து ஏறுவார்கள். அந்த இரண்டு மாதமும் வாரத்துக்கு ஒருவராவது விழுவார். அதனால் எனக்குப் படபடப்பு ஒன்றும் இல்லை. ஓட்டுநரை எங்கள் வேலையில் பைலட் என்போம். பைலட் முருகேசு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் பின்னால் ஏறி, முதுகு அசையாமல் கிடத்தும் ஸ்பைன் போர்டையும் கழுத்துப் பட்டையையும் எடுத்து வைத்தேன். பதினோரு வருடமாக இதுதான் என் வேலை. அதில் கடைசி நான்கு வருடம் மலை மேல்.

கொல்லிமலையில் பல ஊர் சேர்ந்த பகுதியை நாடு என்பார்கள். வளப்பூர் நாட்டுப் பக்கம் மாயம்பட்டி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஊர் முகப்பில் சைரனை நிறுத்தினோம். யாரும் ஓடி வரவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அடிபட்ட ஊரில் வண்டி நுழையும்போதே நான்கு பேர் கை காட்டிக்கொண்டு ஓடி வருவார்கள். கடையில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கேட்டோம்.

"மரத்துல இருந்து உழுந்தாங்களா? இங்கயா?" என்றார். "மரம் ஏர்ற வயசுல இந்த ஊர்ல ஆம்பளையே இல்லீங்க. அத்தனையும் திருப்பூர் போயிருச்சு."

அழைத்த எண்ணுக்குப் போன் போட்டோம். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டோம். அதேதான். கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டேன். எடுத்தவள் என் மகள்.

இதை இங்கே சொல்லிவிட வேண்டும். தாரணி பட்டம் முடித்துவிட்டு எங்கள் சேவையின் கட்டுப்பாட்டு அறையில் அழைப்பு எடுக்கும் வேலையில் சேர்ந்து அப்போது இரண்டு மாதம். பயிற்சிக் காலம். மலைக்குக் கீழே முள்ளுக்குறிச்சியில்தான் எங்கள் வீடு. அவள் நகரத்தில் விடுதியில் இருந்தாள். லைனில் பேசுவது எல்லாம் பதிவாகும் என்பதால் நாங்கள் இருவரும் அதில் அம்மா என்றோ கண்ணு என்றோ சொல்வதில்லை. வண்டி எண், கேஸ் எண், வணக்கம், அவ்வளவுதான். அதற்கு முன்பு மூன்று நான்கு முறை அப்படிப் பேசியிருக்கிறோம். எனக்கு அதில் ஒரு பெருமைகூட.

அன்றைக்கு நான் "இந்த லொகேஷனில் நோயாளி இல்லை" என்றேன். மெதுவாக, "அம்மா, நல்லாப் பாத்தீங்களா?" என்றாள். லைனில் அவள் அம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த அழைப்பை எடுத்ததே அவள்தான் என்று புரிந்தது.

இருபது நிமிடம் கழித்து இன்னொரு எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. விழுந்தவரின் அண்ணன். அவர் சொன்ன ஊர்ப் பெயர் கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலேயே இல்லாததால் லைனை எங்களுக்கே இணைத்துவிட்டார்கள்.

"கரியாம்பட்டிங்க. எவ்வளவு நேரந்தான் பாக்கறது? மரவள்ளி ஏத்தற பிக்கப்புல தூக்கிப் போட்டுட்டு நாங்களே வந்துட்டிருக்கறோம்."

முருகேசு ஸ்டியரிங்கில் கையால் அடித்தார். கரியாம்பட்டி எங்களுக்குத் தெரிந்த ஊர். வாழவந்தி நாட்டில், எங்கள் வண்டி நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நேரம். அதற்கு முன் மூன்று கேஸ் அங்கே எடுத்திருக்கிறோம்.

பாதி வழியில் பிக்கப்பை மறித்தோம். கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில் அவரைப் போர்வையில் கிடத்தியிருந்தார்கள். கழுத்தைப் பிடிக்க ஆள் இல்லை. அந்த ரோட்டில், அந்த வண்டியில். நான் கழுத்துப் பட்டையை மாட்டி, போர்டில் மாற்றி, காலைத் தொட்டுப் பார்த்தேன். இடது பாதத்தைக் கிள்ளினேன். அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் பெயர் சடையன். அவர் கத்தவில்லை. வண்டிக் கதவைச் சாத்தும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "வாழவந்தி நாட்டுக்கு வழி தெரியாதவங்கள வண்டியில உக்கார வெச்சிருக்கறாங்க."

விழுந்தவரின் மனைவி பழனியம்மா வண்டியில் எங்களோடு வந்தார். வளைவுகள் முழுக்க இறங்கி நகரத்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவர் பேசியது ஒரே வாக்கியம். "நாஞ் சரியாத்தானுங்க சொன்னேன்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

ரெக்கார்டிங்

விசாரணை வைத்தார்கள். வைக்கத்தான் வேண்டும். எங்கள் மேலதிகாரி ஒரு பெண். கண்டிப்பானவர், ஆனால் யாரையும் அவமானப்படுத்திப் பேசமாட்டார். என்னையும் முருகேசுவையும் உட்கார வைத்து ரெக்கார்டிங்கைப் போட்டார். தாரணி அந்த அறையில் இல்லை. அவளைத் தனியாக விசாரிப்பதாகச் சொன்னார்கள்.

அந்த ஒரு நிமிடத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

"ஊரு எதுங்க?"

"மையாம்பட்டிங்க."

"மாயம்பட்டிங்களா?"

"ஆமாங்க சாமி, மையாம்பட்டி."

"எந்த நாடுங்க?"

"வள..." அங்கே இரைச்சல். அடுத்த எழுத்துகள் கேட்கவில்லை.

"அடிபட்டவங்க பேரு சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரருங்க."

"சரிங்கம்மா, அவங்க பேரு?"

சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு, "அதையெல்லாம் யாராச்சும் ஆம்பளைங்க வந்தாச் சொல்லுவாங்க. நீங்க வாங்க சாமி." அதோடு சிக்னல் போய்விட்டது. போன் பேச மேட்டுக்கு ஏறி வந்தவர், கணவர் கிடந்த பள்ளத்துக்கு இறங்கிவிட்டார். அதனால்தான் பிறகு எங்கள் அழைப்பு கிடைக்கவில்லை.

அதிகாரி கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஊர்ப் பட்டியலில் மாயம்பட்டி என்று இரண்டு இருந்தன. ஒன்று வளப்பூர் நாட்டில். இன்னொன்று வாழவந்தி நாட்டில். இரண்டாவது எங்கே இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, முருகேசுவுக்கும் தெரியாது. நாடு என்ற கட்டத்தில் அவர் 'வள' என்று டைப் செய்தார். வளப்பூர் மட்டும் வந்தது. மலையில் பாதிப் பேர் வாழவந்தி நாட்டை வளவந்தி நாடு என்றுதான் சொல்வார்கள். ஒரு போர்டில் வாழவந்தி, இன்னொன்றில் வளவந்தி, கல்யாணப் பத்திரிகையில் வாளவந்தி என்றுகூடப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் 'வாழ' என்று அடித்தால்தான் வரும்.

"அப்ப பழனியம்மா சொன்ன மையாம்பட்டி எது, உங்க கரியாம்பட்டி எது, பட்டியல்ல இருக்கற இந்த ரெண்டாவது மாயம்பட்டி எது?" என்று கேட்டார்.

கரியாம்பட்டிக்கு வழி தெரியும் என்று மட்டும் சொன்னோம்.

"ஒரு வாரம் டைம். அந்த ஊர்ப் பேரு என்னன்னு விசாரிச்சு ஒரே ஒரு வரியில எழுதிக் குடுங்க. அந்தப் பொண்ணு தப்பா டைப் பண்ணுச்சா, பட்டியல் தப்பா இருந்துச்சான்னு அதை வெச்சுத்தான் முடிவு பண்ணணும்." பிறகு, "அம்மாவா எழுதாதீங்க. ஸ்டாஃபா எழுதுங்க" என்றார்.

பயிற்சிக் காலத்தில் இப்படி ஒரு தவறு நிரூபணமானால் வேலை போகும். அது எல்லோருக்கும் தெரியும்.

அடுப்பு மை

வார விடுமுறை நாளில் டவுன் பஸ்ஸில் ஏறி கரியாம்பட்டி போனேன். யூனிஃபார்ம் போடவில்லை. பழனியம்மா ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தார். சடையன் வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டுக் கயிற்றுக் கட்டிலைக் காட்டினார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பழனியம்மா அடுப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தார். மருமகளிடம், "அடுப்பு மையை அள்ளிக் குப்பையில கொட்டு கண்ணு" என்றார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்த மருமகள் முறத்தில் அள்ளிக்கொண்டு போனது கரி.

"ஏனுங்க, கரியை மைன்னா சொல்லுவீங்க?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பழனியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சடையன்தான் சொன்னார். "எந் தம்பி பேரு கரியானுங்க. அதுனால அந்தப் புள்ள அந்த எழுத்தையே வாயில எடுக்காது. கறிக்கொழம்பக்கூட கவிச்சிக் கொழம்புன்னுதான் சொல்லும். முப்பது வருசமாச்சு."

கணவன் பெயரைச் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். என் மாமியார் சொல்லமாட்டார். நான் அது தேய்ந்துபோன பழக்கம் என்று நினைத்திருந்தேன். இங்கே அது ஊர்ப் பெயரிலேயே உட்கார்ந்திருந்தது. ஊரை உண்டாக்கிய முன்னோர் பெயர் கரியான். பேரனுக்குத் தாத்தன் பெயர் வைப்பது வழக்கம். பேரன் என்ற சொல்லே அதற்குத்தானே. அதனால் ஒவ்வொரு தலைமுறையிலும் ஊரில் நாலைந்து கரியான்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அவர்களைக் கட்டிக்கொண்டு வந்த பெண்களுக்கு, அவர்களின் தம்பி மனைவிகளுக்கு, மருமகள்களுக்கு அந்தப் பெயர் ஆகாது. ஆக, ஊரில் வாழ வந்த பெண்களில் முக்கால்வாசிப் பேரால் ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாது. கரிக்கு மை. கரியாம்பட்டிக்கு மையாம்பட்டி.

நான்கு வருடம் மலையில் இருந்தும் எனக்கு இது தெரியவில்லை. ஏனென்றால் எங்களுக்கு வந்த மூன்று கேஸும் ஆண்கள் கூப்பிட்டவை. அவர்கள் கரியாம்பட்டி என்றார்கள். அந்தப் பெயர் பட்டியலில் இல்லாததால் லைனை எங்களுக்குக் கொடுத்தார்கள், நாங்கள் நேராகப் போய்விட்டோம். பட்டியலில் இல்லாத பெயர் எங்களைச் சரியாகக் கொண்டு போயிருக்கிறது. இருந்த பெயர் தவறாகக் கொண்டு போயிருக்கிறது. இதை எந்த வரியில் எழுதுவது?

"பொம்பளைங்க சொல்ற பேரு எப்படிங்க ரிஜிஸ்டர்ல ஏறுச்சு?" என்றேன்.

சடையனுக்கு அதற்கும் கதை இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளக்க ஆட்கள் வந்தார்களாம். வரி போட வந்துவிட்டார்கள் என்று ஆம்பளைகள் எல்லோரும் காட்டுக்குள் ஒளிந்துகொண்டார்களாம். "ஊட்டுல இருந்தது பொம்பளைங்கதான். இது எந்த ஊருன்னு கேட்டிருக்கறான். அதுங்க மையாம்பட்டின்னு சொல்லியிருக்கும். எழுதிட்டுப் போயிட்டான்."

"ஓடாம நின்னு பேரச் சொல்லியிருந்தா இவ்வளவு ரோதனை இருக்குமா?" என்றார் பழனியம்மா, அடுப்பைப் பார்த்தபடி. அன்றைக்கு எங்கள் பேச்சில் அவர் சேர்ந்துகொண்ட முதல் வாக்கியம் அது.

உண்மையா கதையா தெரியாது. ஆனால் கிராம அலுவலகத்தில் உதவியாளர் ஒருவர் பழைய ரிஜிஸ்டரின் நகலைக் காட்டினார். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எம், ஏ, ஒய், ஏ, எம், பிறகு பட்டி. மையாம் என்றும் படிக்கலாம், மாயம் என்றும் படிக்கலாம். அதை எப்போதோ எங்கேயோ உட்கார்ந்து தமிழில் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் மாயம்பட்டி என்று படித்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. மையாம்பட்டி என்று ஒரு ஊர் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

கல்

சடையன் என்னைச் சும்மா அனுப்பவில்லை. "பேருக்கு அத்தாட்சி வேணும்னா கல்லே இருக்குதுங்க" என்று கோயில் பக்கம் கூட்டிப் போனார். இடுப்புயரக் கல். அதில் எழுத்து இருப்பது நெடுங்காலம் யாருக்கும் தெரியாதாம். அருவாள் தீட்டும் கல்லாக இருந்திருக்கிறது. பல வருடத்துக்கு முன் யாரோ படித்தவர் வந்து, மாவு தடவிப் பார்த்து, கரியான்பள்ளி என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தக் காகிதத்தைச் சடையன் ரேஷன் கார்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்.

நான் குனிந்து பார்த்தேன். 'க' தெரிந்தது. கடைசியில் 'பள்ளி' தெரிந்தது என்று சொல்லலாம். நடுவில் அருவாள் தீட்டித் தீட்டிக் குழி விழுந்திருந்தது.

"இங்க என்ன எழுத்துங்க?"

"ரி. யா. வேற என்னவா இருக்கும்? கரியான்தான்."

கலியானாகவும் இருக்கலாம். கதியானாகவும் இருக்கலாம். நான் சொல்லவில்லை. இப்போது என்னிடம் ஒரே ஊருக்கு ஐந்து பெயர் இருந்தன. கல்லில் ஒன்று, அதுவும் பாதி. ஆண்கள் வாயில் ஒன்று. பெண்கள் வாயில் ஒன்று. இங்கிலீஷில் ஒன்று. கம்ப்யூட்டரில் ஒன்று. அந்த ஊர் இருக்கும் நாட்டுக்கே மூன்று எழுத்து. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னலுக்கு வெளியே வந்த போர்டையெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். எதையும் நம்ப முடியவில்லை.

அவள் கேட்டது

தாரணியை லீவில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நான்கு நாட்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் போன் அடித்தால் அவள் எழுந்து கிணற்றுப் பக்கம் போய்விடுவாள். என் கணவர் போனை சைலண்டில் போட்டுவிட்டார்.

அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மனதில் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊரின் பெயர் மாயம்பட்டி என்று ஒரு வரி எழுதினால் போதும். அரசுப் பட்டியலில் உள்ள பெயர் அது. அப்படியானால் இவள் சரியான பெயரைத்தான் டைப் செய்தாள், இரண்டு ஊருக்கு ஒரே பெயர் இருந்தது பட்டியலின் தவறு. பொய்யும் இல்லை. மையாம்பட்டி என்று எழுதினால், சொன்னது ஒன்று, டைப் செய்தது ஒன்று. இவள் தவறு. அதுவும் பொய் இல்லை.

"மாயம்பட்டின்னே எழுதிடறேன்" என்றேன்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மா, எனக்கு மையாம்பட்டின்னு தெளிவாக் கேட்டுச்சு."

"சிக்னல் சரியில்லாம..."

"இல்லம்மா. தெளிவாக் கேட்டுச்சு. பட்டியல்ல மாயம்பட்டி இருந்துச்சு. இவங்களுக்குச் சரியாச் சொல்லத் தெரியலன்னு நினைச்சு நானே திருத்திட்டேன்." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, "நீங்கதானம்மா சொன்னீங்க" என்றாள்.

ஆம். நான்தான் சொன்னேன். அவள் வேலையில் சேரும் முந்தின நாள், பெட்டி கட்டும்போது, அனுபவசாலி என்ற தோரணையில் சொன்னேன். மலைக்காரங்க பேச்சு வேற மாதிரி இருக்கும், அவங்க சொல்றதை அப்படியே எழுதாத, சரியான ஊர்ப் பேரு எதுன்னு பாத்துத் திருத்திக்க. கீழ்நாட்டில் எல்லோரும் மலைக்காரர்களைப் பற்றிச் சொல்லும் பேச்சு அது. நானும் யோசிக்காமல் சொன்னேன். பழனியம்மா இரண்டு முறை மையாம்பட்டி என்றார். இரண்டு முறையும் என் மகள் அவரைத் திருத்தினாள். திருத்தச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

அவள் தன் வாக்குமூலத்தை ஏற்கெனவே எழுதி அனுப்பிவிட்டாள். கேட்டது மையாம்பட்டி, டைப் செய்தது மாயம்பட்டி, மாற்றியது நான் என்று. என்னைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

அன்று நான் அவள் மேல் கோபப்பட்டேனா, பயந்தேனா, சந்தோஷப்பட்டேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரு வரி

நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு போனேன். ஐந்து பெயர், அவை வந்த வழி, கடைசியில் என் மகளுக்கு நான் சொன்ன புத்தியையும் எழுதினேன். அதிகாரி முழுவதும் படித்தார். இரண்டு முறை சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் ஃபைல்ல இருக்கட்டும். கம்ப்யூட்டர்ல ஒரு கட்டந்தான் இருக்குது. அதுல என்ன போடறது? நீங்க சொல்லுங்க, எழுதி அனுப்பறேன்" என்றார்.

நான் யோசித்தேன். மாயம்பட்டி இன்னொரு மாயம்பட்டியோடு குழம்பும். மையாம்பட்டியும் நாளைக்கு யாராவது ஒருவர் கையில் மாயம்பட்டி ஆகும். கரியாம்பட்டிதான் வேறு எதோடும் சேராது. ஊர்க்காரர்கள் சொல்லும் பெயர். கல்லிலும் அதுதான், ஏறக்குறைய. யாருக்கும் சாதகமாகவும் இல்லை.

"கரியாம்பட்டி" என்றேன்.

தாரணிக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பயிற்சிக் காலத்தை மூன்று மாதம் நீட்டினார்கள். வேலை போகவில்லை. உண்மையைத் தானே சொன்னதால்தான் என்று அதிகாரி பிறகு சொன்னார். கரியான் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். இடது கால் இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. நேரத்துக்கு வண்டி வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். விழுந்ததில் போனதா, பிக்கப்பில் போனதா, சொல்ல முடியாது என்றார். அந்தச் சொல்ல முடியாது என்பது எனக்குள் அப்படியே இருக்கிறது.

சில மாதம் கழித்துப் பட்டியல் திருத்தப்பட்டது. வாழவந்தி நாட்டில் மாயம்பட்டி எடுக்கப்பட்டு, கரியாம்பட்டி ஏறியது. பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு இதை உதாரணமாகச் சொல்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். எனக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அதைச் சொல்லலாம் என்று ஒரு நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கரியான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டி மிளகு பொறுக்கிக்கொண்டிருந்தார். பழனியம்மா காபி கொடுத்தார். இனிமேல் கம்ப்யூட்டரில் உங்கள் ஊர் சரியான பெயரில் இருக்கும், கரியாம்பட்டி என்று அடித்தால் நேராக வண்டி வந்துவிடும் என்று சொன்னேன்.

பழனியம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல பேருதானுங்க. அவசரத்துக்கு நாங்க எப்படிச் சொல்றது?"

ஒன்றரைப் பக்கம் எழுதியவள் நான். பெண்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதியவளும் நான்தான். கட்டம் ஒன்றுதான் என்றதும், அந்த ஊரில் பாதிப் பேர் உயிர் போனாலும் சொல்லாத பெயரை நானே எடுத்து அதில் வைத்திருக்கிறேன். குழம்பாத பெயராக இருந்தது. கூப்பிடுகிறவர் யார் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

"எம் பேரச் சொல்றதுக்கு எனக்குத் தடையில்லீங்க" என்றார் பழனியம்மா. "வேணும்னா ஊருக்கு அதை வெச்சுக்கங்க. பழனியம்மாபட்டி."

"அப்ப நாஞ் சொல்லமாட்டேன்" என்றார் கரியான், மிளகிலிருந்து தலை நிமிராமல்.

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே வந்து மேட்டில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று தாரணியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன்.

"அப்ப அந்த ஊர்ல இருந்து ஒரு அக்கா கூப்புட்டா நான் என்ன டைப் பண்றதும்மா?" என்றாள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் என்னிடமும் இப்படித்தான் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். ஊர்ப் பெயரைக் கேளுங்கள், கேட்டதைக் கேட்டபடி எழுதுங்கள், ஆனால் அதை நம்பி வண்டியை அனுப்பாதீர்கள். பஸ் எங்கே நிற்கும், அங்கிருந்து எந்தக் கைப் பக்கம் திரும்ப வேண்டும், திருப்பத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். யாராக இருந்தாலும் அதைச் சொல்லிவிடுவார்கள். அதற்கு யார் பெயரும் தேவையில்லை. தெரியாவிட்டால் மலையில் இருக்கும் வண்டிக்கு லைனைக் கொடுத்துவிடுங்கள்.

இதைத்தான் தாரணிக்கும் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டாள்:

"அன்னிக்கு நீங்க லீவுல இருந்தீங்கன்னா?"

"முருகேசுகிட்டக் குடு."

"அவருக்கு மையாம்பட்டி தெரியுமாம்மா?"

"இப்பத் தெரியும்" என்றேன். தெரியுமா என்று அன்று மாலையே அவரைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.